இரண்டாவது டம்ளர்

எங்கள் கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கதவில் இருந்த பலகையிலும் கணவரின் பெயர்தான் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து சங்கத்துச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'ஏழாவது மாடி அம்மா'. மாடிக்கு நான்கு வீடுகள். ஏழாவது மாடியின் மற்ற மூன்று வீடுகளிலும் அம்மாக்கள் இருந்தார்கள். ஆனாலும் ஏழாவது மாடி அம்மா என்றால் அது அவர் ஒருவர்தான்.

நான் அவரை முதலில் பார்த்தது ஆறாவது மாடியில், ஒரு காலி வீட்டின் கூடத்தில். நானும் மனைவியும் வீடு பார்க்கப் போயிருந்தோம். கோயமுத்தூரில் திருச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எட்டு மாடிக் கட்டடம், கட்டி முப்பது வருஷத்துக்கு மேல். நான் மில்லில் நூல் சோதிக்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடியாது. கூடத்துச் சுவரில் ஏழு விரிசல், சமையலறையில் மூன்று, ஜன்னல் கொக்கி இரண்டு இல்லை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். புரோக்கர் என் கண் போகிற திசையெல்லாம் முன்னால் வந்து நின்றுகொண்டு, "பெயின்ட் அடிச்சா எல்லாம் போயிரும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது திறந்திருந்த வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு தெரிந்தது. தட்டில் இரண்டு டம்ளர். தட்டுக்குப் பின்னால் ஒல்லியாக, உயரமாக, நரைத்த தலையை இழுத்துக் கொண்டை போட்ட ஒரு அம்மா. புரோக்கரின் முகம் சுண்டிப் போயிற்று.

"ஏனுங்க, ஊடு பாக்க வந்தவங்களா? நான் மேல் ஊட்டுக்காரிங்க. ஒறம்பரை வந்தா மொதல்ல தண்ணி குடுக்கோணுமில்லீங்களா" என்றபடி தட்டை நீட்டினார்.

என் மனைவி ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தாள். சிறுவாணி மலைத் தண்ணீர். இந்த ஊர்க்காரர்களுக்கு அதன் ருசியை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவும் முடியாது. நான் மற்ற டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். முகம் கோணிவிட்டது. நாக்கில் உப்புக்கட்டியை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது.

"அம்மணி குடிச்சது குடிக்கறதுக்கு மட்டும் ஆகுமுங்க. கீழ தொட்டி சின்னது, அதுக்கு மேல நிக்காது. சார் குடிச்சதுதான் மத்த எல்லாத்துக்கும். குளிக்க, தொவைக்க, பாத்தரம் கழுவ. போருத் தண்ணி. ரெண்டு வருசத்துல கொழாயி அடைச்சுக்கும். ஹீட்டர் போயிரும். தல முடியும் போயிரும். சாருக்கு அந்தக் கவல இல்ல."

என் தலையைத் தடவிக்கொண்டேன். என் மனைவி சிரித்தாள். வீடு தேட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதோடு அவர் விடவில்லை. எங்களைக் குளியலறைக்கு அழைத்துப் போய் மேலே பார்க்கச் சொன்னார். கூரையில் பழுப்பாக ஒரு வட்டம். "இது சொட்டுமுங்க. சொட்டறது எங்க ஊட்டுத் தண்ணிதான். ரெண்டு தடவ ஒடச்சுக் கட்டிப் பாத்துட்டேன், நிக்கல. சண்டைக்கு வாரதா இருந்தா காத்தால வாங்க, பொழுதோட எனக்கு முட்டி வலி."

இப்படித்தான் அவர் தன்னை எங்களுக்கு அறிமுகம் செய்துகொண்டார். கட்டடத்தில் எந்த வீடு விலைக்கு வந்தாலும், பார்க்க வருகிறவர்கள் லிப்டில் ஏறுவதை எப்படியோ தெரிந்துகொண்டு தட்டோடு வந்து நிற்பார். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. தெரியாமல் ஒருவர் வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் சொன்னவற்றில் சில எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

"வெய்யக் காலத்துல வந்து பாக்காதீங்க. வெய்யக் காலத்துல எந்தக் கட்டடமும் நல்லாத்தான் இருக்கும். மழ பேஞ்ச மக்யா நாள், செவுரு காயறதுக்குள்ள வாங்க."

"மொதத் தடவ வாரப்ப லிப்ட்டுல ஏறாதீங்க. படியில வாங்க. கட்டடம் படியிலதான் இருக்குது."

"கார் நிறுத்தற எடத்தக் காட்டுவாங்க. காட்டறதெல்லாம் உங்குளுது ஆயிராது. பத்தரத்துல எழுதியிருக்குதான்னு பாருங்க. மண்ணுல உங்க பாகம் எத்தனைன்னு கேளுங்க. நாளைக்குக் கட்டடம் போனாலும் மண்ணு நிக்குமில்லீங்க."

"சொந்தக்காரங்க எத்தன பேரு குடியிருக்காங்க, எத்தன பேரு வாடகைக்கு வுட்டிருக்காங்கன்னு கேளுங்க. வாடகைக்கு வுட்டவங்க கூட்டத்துக்கு வரமாட்டாங்க. அவங்குளுக்குச் சொட்டாதில்லீங்க."

இத்தனையும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாங்காதீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் குறைகளை அடுக்கினேன். பதினாறு வந்தது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாங்கிடலாம்" என்றாள்.

"பதினாறு குறையா?"

"பதினாறும் தெரிஞ்சு போச்சில்ல. இந்தம்மா மாதிரி ஒருத்தி தலைக்கு மேல இருந்தாப் போதும். வேற எங்க போனாலும் இதெல்லாம் இருக்கும், சொல்றதுக்கு ஆள் இருக்காது."

வாங்கினோம். குளியலறையில் சொட்டியது. நான் காலையில்தான் சண்டைக்குப் போனேன்.

நாங்கள் குடிவந்த வருஷமே சங்கத்துக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் புகார் வந்தது. லிப்டை மாற்றுவது பற்றிப் பேசத்தான் கூட்டம் கூடியிருந்தது. கம்பிக் கதவு வைத்த பழைய லிப்ட். உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு மாடியில் நின்றுகொண்டிருக்கும். தரைத்தளத்தில் ஒரு ஓய்வு பெற்ற ஓவர்சியர் இருந்தார். அவர் எழுந்து, "நான் லிப்ட்டுல கால் வெக்கறதே இல்லீங்க. நான் எதுக்குக் குடுக்கோணும்?" என்றார். முதல் மாடிக்காரர்கள் தலையாட்டினார்கள். எட்டாவது மாடிக்காரர், "அப்ப மொட்டமாடி ஒழுகறதுக்கு நாங்க மட்டும் குடுக்கறமுங்களா?" என்றார். முப்பத்தாறு வீட்டுக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். லிப்ட் அப்படியே நின்றது.

கடைசியில் செயலாளர், "இன்னொரு விசயமுங்க" என்று ஆரம்பித்தார். "அம்மா சொல்றதுனால நம்ம கட்டடத்துக்கு வெல போக மாட்டீங்குது. அம்மா கோவிச்சுக்கக் கூடாது. வாரவங்க கிட்டப் பேச வேண்டாமுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "சேரிங்க. பேசல" என்றார்.

அடுத்த வாரம் மூன்றாவது மாடி வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் இரண்டு டம்ளரை வைத்து நீட்டிவிட்டு, குடித்து முடிக்கும்வரை வாயில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீடு விற்றுப் போனது. அதற்குப் பிறகு எட்டாவது மாடியில் ஒன்று, இரண்டாவது மாடியில் ஒன்று. புரோக்கர்தான் இதன் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "ஏழாவது மாடி அம்மா வந்து நாலு கொற சொன்னாத்தான் பார்ட்டிக்கு நம்பிக்க வருதுங்க சார். இப்பவெல்லாம் நானே போன் பண்ணி, அம்மா தண்ணி கொண்டாங்கன்னு சொல்லிப்போடறது." செயலாளரும் அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் கணவரின் படம். காதோரம் முடி ஒதுக்கிய, சந்தோஷமான முகம்.

"அவிய இந்த ஊட்டப் பாக்க வந்தப்ப இந்தச் செவுத்துல கவுளி சத்தம் போட்டுச்சுங்க. கெழக்கால. அதோட முடிஞ்சுது. ஒண்ணும் கேக்கல. தாராபுரத்துப் பக்கம் இருந்த காட்ட வித்து வாங்குனாரு. எல்லாத்துலயும் கெட்டிக்காரரு, கவுளி சொன்னா மட்டும் கண்ண மூடிக்குவாரு." சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கவுளிக்கென்னங்க. அது செவுத்துலயே இருந்துக்கும். கீழ எறங்கற வேல அதுக்கில்ல."

எங்கள் பக்கத்தில் கவுளி என்கிற பல்லியின் சொல்லுக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. சம்பந்தம் பேசும்போதும் நிலம் பேசும்போதும் பல்லி சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு விரலால் தரையைத் தட்டுவார்கள். அவரும் தட்டுவார். தட்டிவிட்டு, "அது சொல்லிருச்சு. இப்ப நீங்க செவுத்தத் தட்டிப் பாருங்க" என்பார்.

கணவர் போன பிறகு அவர் அந்த வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. கொடுமுடியில் ஒரு தங்கை. தங்கை வீட்டுக்குப் பின்புறம் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன. காவிரிக்கரையிலிருந்து நான்கு வீடு தள்ளி, தரையோடு தரையாக, மாடி இல்லாத வீடு. "வந்துரு அக்கா" என்று தங்கை வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் சும்மா போகச் சம்மதிக்கவில்லை.

"தங்கச்சி ஊடானாலும் சோத்துக்குப் போயி நிக்கக் கூடாதுங்க. இத வித்து, அந்த ரெண்டு ரூமுக்கு வெல குடுத்துப்போட்டுப் போனா, எங்கூட்டுல நான் இருக்கறேன்."

வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வாடகைக்கு வாரவனும் இந்தப் படியிலதானுங்களே ஏறோணும்" என்றார்.

முட்டி வலி கூடியபோது விற்பது என்று முடிவு செய்தார். லிப்ட் நிற்கிற நாட்களில் அவர் கீழே இறங்குவதே இல்லை. பால், காய்கறி எல்லாம் கயிற்றுக் கூடையில் மேலே ஏறும். எங்கள் பால்கனிக்கு நேரே அந்தக் கூடை போகும்போது அவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "முருங்கக்காயி வேணுமுங்களா? எடுத்துக்கோங்க, கூடைய நிறுத்தறேன்" என்பார். தரையில் நடந்து ஒரு கடைக்குப் போக வேண்டும், கை நீட்டிக் கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இதுதான் அவருக்கு ஆசை. வேறு எதையும் அவர் கேட்டு நான் அறிந்ததில்லை.

ஆனால் வீடு விலைபோகவில்லை. அடுத்தவர் வீட்டுக்கு அவர் சொன்ன குறைகள் நம்பிக்கையைத் தந்தன. தன் வீட்டுக்கு அவரே சொன்னபோது சந்தேகத்தைத் தந்தன. விற்கிறவரே இவ்வளவு சொன்னால் சொல்லாதது எவ்வளவு இருக்கும் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். முதலில் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். அப்புறம் பேங்கில் வேலை செய்யும் தம்பதி. பிறகு தாராபுரத்திலிருந்து வாஸ்துக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம். அதற்குப் பிறகு பேராசிரியர் ஒருவர். எல்லோருக்கும் இரண்டு டம்ளர். எல்லோரையும் குளியலறைக்கு அழைத்துப்போய், "கீழ் ஊட்டுச் சாரு நல்லவரு, காத்தாலதான் சண்டைக்கு வருவாரு" என்று என்னையும் சேர்த்துச் சொன்னார்.

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது பெரிய அவமரியாதை. "ஊட்டுல பேசிப்போட்டுச் சொல்றமுங்க" என்று சொல்லிவிட்டு, வாசல்வரை கும்பிட்டபடி போவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறுபது எழுபது வருஷம் இந்த மண்ணில் இருந்தவர். ஆனால் தன் வாயால் உள்ளதை மட்டுமே சொல்லிப் பழகியவர், மற்றவர்கள் சொல்வதையும் உள்ளதாகவே எடுத்துக்கொண்டார். அவர்கள் லிப்டில் இறங்கி முடிப்பதற்குள் தங்கைக்குப் போன் போட்டுவிடுவார்.

"ஏங்கண்ணு, நல்ல எடமா வந்திருக்குது. பேசிப்போட்டுச் சொல்றமுன்னு போயிருக்காங்க. அந்த ரூமுக்கு ஒருக்கா வெள்ளையடிச்சு வெய்யி."

பிறகு காத்திருப்பார். பாத்திரங்களை ஒரு பெட்டியில் கட்டுவார். ஒரு மாதம் கழித்து அவிழ்ப்பார். என் மனைவி மேலே போகும்போது பெட்டி கட்டியிருக்கிறதா அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வாள். எனக்குக் கோபம் வரும். அவர்மேல் இல்லை; யார்மேல் என்றும் தெரியாது. "ஒரே ஒருக்கா வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்துவேன்.

மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி வருகிறார் என்று புரோக்கர் சொன்னபோது, என் மனைவி மேலே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒரு தடவ மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. கேட்டா பதில் சொல்லுங்க. கேக்காததுக்குச் சொல்லாதீங்க. உங்க முட்டிய நெனச்சுப் பாருங்க."

அவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, "சேரி அம்மணி. ஒரே டம்ளர்தான்" என்றார்.

வியாபாரி தன் மகளுக்கு வீடு பார்க்க வந்திருந்தார். மகளும் மருமகனும் கூட வந்தார்கள். மருமகனுக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் வேலை. துணைக்கு நானும் மனைவியும் மேலே போய் உட்கார்ந்திருந்தோம். லிப்ட் அன்று ஓடியது. ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்தது. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. அந்தப் பெண் ஜன்னலை விட்டு நகரவில்லை. அம்மா தட்டோடு வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்கு மூன்று டம்ளர், மூன்றும் சிறுவாணி. வியாபாரி குடித்துவிட்டு, "தண்ணி தேனாட்ட இருக்குதுங்க" என்றார்.

அம்மா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிழக்குச் சுவரில் பல்லி சொன்னது. வியாபாரி முகம் மலர்ந்து மூன்று முறை விரலால் தரையைத் தட்டினார். "அப்பறம் என்னங்க, வெள்ளிக்கெழம நல்ல நாளு. அட்வான்சு குடுத்தர்றமுங்க" என்றார். 'பேசிப்போட்டு' இல்லை, 'வெள்ளிக்கிழமை' என்றே சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அம்மா கும்பிட்டார்.

அவர்கள் லிப்டில் இறங்கினார்கள். நாங்கள் படியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து, இவர் போன பிறகு காலையில் யாரோடு சண்டை போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஏதோ அசைந்தது. கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டம்ளரோடு, அவர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்கம்மா போறீங்க?"

"கீழ போயிட்டு வாரேனுங்க. லிப்ட்டு கீழ போயி நின்னுபோச்சு. பட்டன அமுக்குனா வர மாட்டீங்குது."

"டம்ளரைக் குடுங்க, நான் போறேன்."

"நீங்க குடுத்தா அது உங்க வார்த்தைங்க."

நான் பின்னாலேயே போனேன். பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். டம்ளரின் மேல் ஒரு சின்ன மூடி போட்டிருந்தார். ஒவ்வொரு மாடி திருப்பத்திலும் நின்று, கண்ணை மூடி, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கினார். நாலாவது மாடியில், "அந்தப் புள்ள வவுத்தப் பாத்தீங்களா சாரு?" என்றார். நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதைப் பார்க்கவில்லை.

கீழே அவர்கள் இன்னும் கிளம்பவில்லை. வியாபாரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று புரோக்கரிடம் வெள்ளிக்கிழமை எந்த நேரம் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார். அம்மா மூடியை எடுத்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இதையுங் குடிச்சுப் பாருங்க."

வியாபாரி குடித்தார். துப்புவதற்கு இடம் தேடினார், மரியாதைக்காக விழுங்கினார்.

"மேல குடிச்சது குடிக்கறதுக்கு மட்டுமுங்க. மத்ததுக்கெல்லாம் இதுதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "எத்தன மாசம் அம்மணி?"

"அஞ்சுங்க."

"லிப்ட்டு நின்னு போச்சு கண்ணு. நீ எறங்குன கையோட நின்னு போச்சு. எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. மாசத்துல பாதி நாளு இப்படித்தான். ஏழு மாடி. இப்ப வவுத்துல வெச்சுட்டு ஏறோணும், அப்பறம் இடுப்புல வெச்சுட்டு ஏறோணும். சொல்லாம வுட்டுட்டேன். அதைச் சொல்லீட்டுப் போலாமுன்னு வந்தேன்."

புரோக்கர் கையிலிருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டார். வியாபாரி நல்ல மனிதர். கோபப்படவில்லை. அம்மா இறங்கி வந்த படியைப் பார்த்தார், அம்மாவின் முட்டியைப் பார்த்தார். டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"சொன்னதுக்கு ரொம்ப சந்தோசமுங்க. ஊட்டுல பேசிப்போட்டுச் சொல்றமுங்க."

வண்டி வெளியே போயிற்று. அம்மா வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் இரண்டும் துணி மாதிரி துவண்டு கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

"ஏங்கண்ணு, வெள்ளையடிச்சது காஞ்சிருச்சா?... ஆமா, வந்துட்டுப் போயிட்டாங்க. பேசிப்போட்டுச் சொல்றமுன்னாங்க. நல்ல மனுசங்க, சொல்லுவாங்க."

உண்மையாகவே நம்பினாரா, தங்கைக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தங்கைக்காகச் சொல்லியிருந்தால், நான் கேட்டு அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அன்று அவரால் மேலே ஏற முடியவில்லை. லிப்ட் சரியாக இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்துக்கொண்டவர் தரைத்தளத்து ஓவர்சியர்தான். கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் கீழே படுத்துக்கொண்டார்; அவர் மனைவி முட்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டார். அம்மா பின்பக்கம் சாக்கடை மூடியைச் சுற்றி மண் இறங்கியிருப்பதைக் காட்டிவிட்டு வந்தார். லிப்டுக்குத் தன் பங்கைத் தர மட்டும் ஓவர்சியர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "அம்மாவுக்குச் சோறு போடறது வேற, சங்கத்துக்குப் பணம் குடுக்கறது வேறங்க" என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வரவில்லை. அம்மா பெட்டியை அவிழ்க்கவும் இல்லை. தேவையான இரண்டு பாத்திரம், இரண்டு டம்ளர் மட்டும் வெளியே இருந்தன. கூடை ஏறும், இறங்கும். பால்கனியிலிருந்து, "சாருங்க, சொட்டுதுங்களா?" என்று கேட்பார். "சொட்டுதுங்க" என்பேன். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவேயில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை, எங்கள் குளியலறையில் சொட்டு நின்றிருந்தது. சொட்டாத நாளே கிடையாது, நான் சந்தோஷப்பட்டேன். மனைவிதான் கரண்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். அவர் கட்டிலிலேயே போயிருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் மூடி போட்ட தண்ணீர் டம்ளர்.

லிப்ட் அன்று ஓடவில்லை. ஓடியிருந்தாலும் படுத்த உடம்பு அதற்குள் நுழையாது. எங்கள் படிக்கட்டின் திருப்பங்களில் பாடையும் திரும்பாது. நாற்காலியில் உட்கார வைத்து, சேலையால் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றிப் பிடித்து இறக்கினோம். ஓவர்சியர் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடியில் நின்றபோது அவர் அழுதார்.

சாம்பலைக் கொடுமுடியில் கரைக்க வேண்டும் என்றார் தங்கை. நானும் மனைவியும் போனோம். தங்கை மகன் படித்துறையில் இறங்கிச் சட்டியை ஆற்றில் விட்டார். தண்ணீர் வேகமாக ஓடியது. ஒரு நொடிதான்.

பிறகு தங்கை வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு என்று வைத்திருந்த இரண்டு அறைகளைத் திறந்து காட்டினார். வாசலில் படி இல்லை. ஒரு கல் படி இருந்ததாம். அக்கா முட்டிக்காக அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, சிமெண்டுப் பூசிச் சரிவாக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நாலு தப்படியில் காய்க்காரியின் கடை.

சுவர் கண் கூசும் வெள்ளையாக இருந்தது. ஆணி அடிக்கப் போய் ஒரு இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஏடு ஏடாகத் தெரிந்தது. திருப்பூர்க்காரர், பேங்க் தம்பதி, தாராபுரத்துக் குடும்பம், பேராசிரியர், பாக்கு வியாபாரி. ஆளுக்கு ஒரு வெள்ளையடிப்பு, ஐந்து இருக்க வேண்டும். விரல் நகத்தை வைத்து இரண்டு தடவை எண்ணினேன். ஆறு இருந்தது.

"இது யாருக்குங்க?" என்று கடைசி ஏட்டைக் காட்டிக் கேட்டேன்.

தங்கைக்கு நான் கேட்டது புரிந்துவிட்டது. "அது புரட்டாசியில அடிச்சதுங்க. யாரும் வரலீங்க. அக்கா போன் பண்ணி, 'வெள்ளையடிச்சு வெய்யி கண்ணு, எப்புடியும் வந்துருவேன்'னு சொன்னா. அடிச்சு வெச்சமுங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தங்கை உள்ளே போய்த் தட்டோடு வந்தார். தட்டில் ஒரே டம்ளர். எடுத்துக் குடித்தேன். ஆற்றுத் தண்ணீர், நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடித்தும் கை தானாக மறுபடி தட்டுக்குப் போயிற்று.

"இன்னுங் கொஞ்சம் வேணுமுங்களா?" என்றார் தங்கை. "எல்லாத்துக்கும் இதே தண்ணிதானுங்க இங்க."